வடக்கே கிளம்பிய பை

போன வாரம் என் மகன் சோபாவில் சாய்ந்துகொண்டு, கையில் இருந்த காபி ஆறுவதற்குள், ஒரு சென்னைப் பயணத்தையே போனில் முடித்துவிட்டான். ரயில், தங்கும் அறை, மிருகக்காட்சி சாலைக்கு நுழைவுச் சீட்டு, எல்லாம். "வேற எதாவது பாக்கணுமாம்மா?" என்று கேட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊருக்குப் போவது என்றால் அதற்கு முன்னால் ஒரு மாதமாவது வீட்டில் சண்டை நடக்க வேண்டாமா? உங்களில் அறுபதைத் தொட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாத சின்னவர்கள் இதைப் படிக்காமல் வேறு வேலை பார்க்கலாம்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு மெட்ராஸ் பயணம் திட்டம் போட்டார்கள். சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் வாடகை வீடு. அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலே பேர். அப்பா சர்வேயர். சுற்று வட்டாரத்தில் வரப்புத் தகராறு எங்கே வந்தாலும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போய் அளந்துவிட்டு வருவார். அக்காவுக்குப் பதினெட்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள்.

அந்தக் கோடை விடுமுறையில் அக்காவுக்கு ஒரு கார்டு வந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இண்டர்வியூ. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தக் கார்டோடு நேரில் வரவேண்டும், கார்டு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அதில் போட்டிருந்தது. அக்கா அதைக் குறைந்தது நூறு தடவை படித்திருப்பாள். மங்கிய மஞ்சள் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் இருக்கும். தன் டிரங்குப் பெட்டியில் சர்டிபிகேட்டுகளுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

அப்பா கார்டைப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, நாலாவது நாள் அப்பாவுக்கு மோர் கொடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"புள்ளைங்க லீவுல சும்மாதான கெடக்குதுங்க. ஒரு நட மெட்ராஸ் கூட்டிக்கினு போயி உயிர் காலேஜ், செத்த காலேஜெல்லாம் காட்டிட்டு வந்தா இன்னா? அப்பிடியே அந்த இண்டர்வியூவையும் எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்."

மிருகக்காட்சி சாலைக்கு அப்போது உயிர் காலேஜ் என்று பெயர். மியூசியம் செத்த காலேஜ். அம்மா எதை முன்னால் வைத்தாள், எதைப் பின்னால் வைத்தாள் என்று பாருங்கள். அப்பாவுக்குப் பெண்ணை வெளியூர் அனுப்புவதுதான் பிடிக்காதே தவிர, திட்டம் போடுவது என்றால் உயிர். அன்று சாயங்காலமே ஆபீசிலிருந்து ஒரு டிரேசிங் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த மெட்ராஸ் வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எழும்பூர் ஸ்டேஷன் நடுவில். அதிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. கோட்டின் மேல் தூரம். மேலே மூலையில் வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி. அப்பா அதுவரை மெட்ராஸுக்கு இரண்டே தடவைதான் போயிருந்தார், இரண்டும் டிபார்ட்மெண்ட் பரீட்சைக்கு. கையெழுத்து நன்றாக இருந்ததால் இடங்களின் பட்டியல் எழுதும் வேலை எனக்கு. உயிர் காலேஜ், செத்த காலேஜ், பாம்புப் பண்ணை, பதினாலு மாடிக் கட்டடம், ஏரோப்ளேன் இறங்குகிற இடம், பீச். அம்மாவைக் கேட்டதற்கு, மாடி பஸ்ஸில் மேலே உட்கார்ந்து ஒரு நடை போய்வந்தால் போதும் என்றாள். அதையும் எழுதினேன். அக்கா மட்டும் எந்த இடமும் கேட்கவில்லை. "வெள்ளிக்கெழம காலையில எதையும் எழுதாத" என்றாள்.

புதன்கிழமை காலை ரயிலில் கிளம்புவது, வியாழன் சுற்றிப் பார்ப்பது, வெள்ளி இண்டர்வியூ, சனி மறுபடியும் சுற்றுவது, ஞாயிறு திரும்புவது. திட்டம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்புறம்தான் அப்பா காலண்டரைத் திருப்பினார்.

"புதங்கெழம வடக்க சூலம்" என்றார்.

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்தத் திசையில் பயணம் கிளம்பக்கூடாது. மெட்ராஸ் எங்களுக்கு நேர் வடக்கு. பயணம் போச்சு என்று நினைத்தேன். ஏனென்றால் முந்தின வருடம் மகாபலிபுரம் போவதாக இருந்த பயணத்தையும் இப்படித்தான், கிளம்புகிற நேரத்தில் பல்லி சொன்னது என்று அப்பா நிறுத்தினார். மடித்து வைத்த துணியெல்லாம் மறுபடியும் பீரோவுக்குப் போனது.

ஆனால் அம்மா தயாராக இருந்தாள். "திங்கக்கெழம பரஸ்தானம் வெச்சிட்டாப் போவுது" என்றாள்.

பரஸ்தானம் என்றால் தெரியும்தானே? நல்ல நாளில் நாம் கிளம்ப முடியவில்லை என்றால், நமக்குப் பதில் நம் பையைக் கிளப்பிவிடுவது. போகிற திசையில் இருக்கிற யாராவது ஒருத்தர் வீட்டில் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் நாம் என்றைக்கு வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். எல்லோரும் நாலு வீடு தள்ளி எங்கேயாவது வைப்பார்கள். எங்கள் சந்திலும் வடக்குக் கோடியில் ஒரு வாத்தியார் வீடு இருந்தது.

அப்பா திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். வாத்தியார் வீடு வடக்கு இல்லை, வடமேற்கு என்றார். அடுத்த தெருவில் இருந்த பால்காரர் வீடு வடகிழக்கு. ஊரில் இருக்கிற வீட்டையெல்லாம் வடக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் சர்வேயருக்கு மனசு ஒப்புமா? கடைசியில், நேர் வடக்கும் வேண்டும், போகிற வழியிலும் இருக்க வேண்டும் என்று கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இருந்த அத்தை வீட்டைத் தீர்மானித்தார். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் வீட்டிலிருந்து முப்பது மைல்.

ஞாயிற்றுக்கிழமை பை கட்டினார்கள். பழுப்பு நிற ரெக்சின் பை, பக்கத்தில் ஒரு ஏரோப்ளேன் படம், ஜிப்பு பாதியில் மாட்டும். அடியில் செய்தித்தாளை விரித்து, அம்மா தன்னுடைய நல்ல புடவை ஒன்று, ஆளுக்கு ஒரு ஜோடி துணி, நடுவில் ஒரு பொட்டலம் முறுக்கு என்று அடுக்கினாள். அடுக்கும்போது அக்காவிடம் சொன்னாள்: "பை போயிட்டா நாம போயிதான் ஆவணும். போவலன்னா குடும்பத்துக்கு ஆவாது. உங்கப்பா இனிமே பின்வாங்க முடியாது."

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பத்து வயது மூளை. அப்பா பின்வாங்குவார் என்றால் பை போனாலும் பின்வாங்குவார், புடவையும் முறுக்கும் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். விடமுடியாத ஒரு பொருள் அதில் இருந்தால்? அக்கா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கார்டை எடுத்தேன். பையின் அடியில், செய்தித்தாளுக்குக் கீழே செருகினேன். இனி உயிர் காலேஜை யாராலும் தடுக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை ராகு காலம் கழித்து, ஒன்பது மணிக்கு மேல் அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் முந்திரிப் பழ வாசனை. பின் சீட்டில் யாரோ பலாப்பழம் ஏற்றியிருந்தார்கள். அந்த வெயிலில் இரண்டு வாசனையும் சேர்ந்து எனக்குத் தலை சுற்றியது. அப்பா பையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. அத்தை வீட்டுக்குப் போனதும் வடக்குச் சுவர் ஓரமாக இருந்த ஆணியில் பையை மாட்டினார். மாமா மல்லாட்டை மில்லில் மேஸ்திரி. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். அந்த வீடே பிண்ணாக்கு மணக்கும். அத்தை பையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் தம்பி, உங்க தெருவுல வடக்கே இல்லியா?"

அப்பா ஆணியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். மோர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்தார். அங்கே இருந்த பெரியப்பா, அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன், விடியற்காலையில் போய்விட்டார் என்றார். எண்பதை நெருங்கிய மனுஷன். நான் அவரைப் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "பதினாறு முடியற வரைக்கும் தீட்டு. மெட்ராசெல்லாம் கெடையாது."

"அப்பா, இண்டர்வியூ?" என்றாள் அக்கா.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் கூப்புடுவாங்களான்னு தெரியாதுப்பா."

"அப்ப அடுத்த வருசம் உனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா வாசலுக்குப் போனார்.

அக்கா உள்ளே வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டால் ஏதாவது வழி தோன்றும் என்று நினைத்திருப்பாள். கார்டு இல்லை. பெட்டியைக் கவிழ்த்தாள். பாயை உதறினாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். அம்மா, "பதறாத, இங்கதான் இருக்கும்" என்று கூடவே தேடினாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

தேடி முடிப்பதற்குள் அப்பா எல்லோரையும் பஸ் ஏற்றிவிட்டார்.

சாவு வீட்டில் அக்கா அழுத அழுகையை இன்றைக்கும் சேத்தியாத்தோப்பில் சில பேர் நினைவு வைத்திருப்பார்கள். மூலையில் உட்கார்ந்து தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டு தேம்பினாள். "பெரியப்பன் மேல எம்மா உசுரு பாரு அந்தப் பொண்ணுக்கு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெரியப்பாவின் சொந்த மருமகளே அவளைத் தேற்றினாள்.

மதியம் அத்தை வந்தாள். ஒப்பாரி வைத்து முடித்து, வாய் கொப்பளிக்கக் கைப்பம்புக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்ப் பம்பை அடித்தேன். அடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். கார்டு உங்கள் வீட்டுப் பையில் இருக்கிறது, நான்தான் வைத்தேன் என்று.

அத்தை கையில் ஏந்திய தண்ணீரைக் கீழே விட்டாள். "எதுக்குடி வெச்ச?"

"பை போனா எல்லாரும் போயிதான் ஆவணும்னு அம்மா சொன்னாங்க."

அத்தை ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினாள். அடிக்கப்போகிறாள் என்று தோளைக் குறுக்கினேன். அவள் அடிக்கவில்லை. "இத உங்கப்பன் கிட்ட சொல்லாத. நாளைக்கி பால் தெளிச்சி முடியட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் காலை பால் தெளித்துவிட்டு ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பினார்கள். அப்பா பந்தலில் உட்கார்ந்திருந்தார். அத்தை நேரே போய் எதிரில் உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் அக்காவும் கதவருகில் நின்றோம்.

"தம்பி, உன் பை என்னைக்கி கெளம்புச்சி?"

"திங்கக்கெழம."

"அண்ணன் என்னைக்கி போனாரு?"

"செவ்வாக்கெழம. ஏன்க்கா?"

"அப்ப சாவுக்கு முன்னாடியே நீங்க பயணம் கெளம்பியாச்சி. கெளம்பனவங்கள எந்தத் தீட்டு புடிக்கும்? சேதி கேட்டா வழியிலயே தலைய முழுவிட்டு மேல போவ வேண்டியதுதான். பொண்ண நான் கூட்டிக்கினு போறேன். கார்டு அந்தப் பையிலதான் இருக்கு."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அது பைதான்க்கா. ஆளு இல்ல" என்றார் அப்பா.

"பை போனா ஆளு போன மாதிரின்னு முப்பது மைலு தூக்கிக்கினு வந்தது யாரு, நானா?"

பந்தலில் இருந்த இரண்டு பெரியவர்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. "தீட்டோட போயி ஆஸ்பத்திரி வேலைக்கி நிப்பாளா?" என்றார்.

"ஆஸ்பத்திரில இல்லாத தீட்டா தம்பி? தெனம் பொறப்பும் சாவும் அங்கதான நடக்குது. அவுங்க உன் காலண்டரப் பாத்தா வேலைக்கி எடுக்கறாங்க?"

அப்பா எழுந்தார். "உன் இஷ்டம். நாளைக்கி எதாவது ஒண்ணு ஆச்சின்னா என் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டு வெள்ளாற்றங்கரைப் பக்கம் நடந்தார்.

இப்போது யோசித்தால், அப்பா சூலத்துக்கும் தீட்டுக்கும் பயந்தவர் இல்லை. பயந்தது பெண்ணைத் தனியாக விடுவதற்கு. அதை நேராகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, அதனால் காலண்டரைக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்களும் காலண்டரோடுதான் சண்டை போட்டோம். அவரோடு யாரும் பேசவே இல்லை.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அக்கா சொல்லாமல் கிளம்பினாள். அம்மா அருகில் வந்தாள். அக்காவின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளினாள். "நீயும் வா, வெச்சவ நீதான" என்று அத்தை என்னையும் இழுத்துக்கொண்டாள். வடலூர் வழியாகக் கடலூர் போய்ச் சேர்கிற வரை அக்கா என்னிடம் பேசவில்லை. பஸ்ஸில் எனக்கும் அவளுக்கும் நடுவில் அத்தை உட்கார்ந்திருந்தாள், அதனால் தப்பித்தேன்.

வீட்டுக்கு வெளியே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனோம். பை அதே ஆணியில் தொங்கியது. அக்கா ஓடிப்போய் ஜிப்பில் கைவைத்தாள்.

"தொடாத" என்றாள் அத்தை. "பரஸ்தானம் வெச்ச பைய வழியில தொறந்தா பயணம் முறிஞ்சி போச்சின்னு அர்த்தம். முறிஞ்சா தீட்டு ஒட்டிக்கும். அத்தன பேரு எதிர்ல அவ்ளோ பேசிட்டு வந்திருக்கேன், நாளைக்கி உங்கப்பன் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? மெட்ராஸ்ல போயி தொறந்துக்கோ."

"கார்டு உள்ள இல்லன்னா அத்த?"

"இருக்குன்னு இவ சொல்றா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா என் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உண்மையச் சொல்லு. உள்ளதான் இருக்கா? நல்லாத் தெரியுமா?"

"இருக்கு" என்றேன். சொன்ன அந்த நொடியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செய்தித்தாளுக்குக் கீழே வைத்தேனா, மேலே வைத்தேனா? அதற்கப்புறம் அம்மா பையை ஒரு தடவை பிரித்து மறுபடியும் அடுக்கினாளே, அப்போது விழுந்திருந்தால்?

வியாழக்கிழமை காலை ஓ.டி. ஸ்டேஷனில் அத்தையும் அக்காவும் ரயில் ஏறினார்கள். அத்தை ஜன்னல் வழியாகவே அக்காவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: "மெட்ராஸ்ல நாம தங்கப் போற தெரிஞ்சவங்க ஊட்டுல சாவு வெசயத்த மட்டும் வாயே தொறக்காத." பை அக்காவின் மடியில் இருந்தது. ரயில் கிளம்பியது. நான் மாமாவோடு நின்றேன்.

மாமா நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு என்னைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மெட்ராஸ் பீச்சிலயும் இதே தண்ணிதான்" என்றார். மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார். மணி என்ன என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்து ஆனபோது அலையில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, எனக்கென்று எதுவும் கேட்காமல் சாமி கும்பிட்டேன். உயிர் காலேஜ் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கார்டு அந்தப் பையில் இருந்தால் போதும். மாமா நான் வெயிலுக்குக் கண்ணை மூடியிருக்கிறேன் என்று நினைத்துத் துண்டைத் தலையில் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை அவர்கள் திரும்பி வந்தார்கள். அக்கா இறங்கி வந்து முதல் காரியமாக என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம்தான் சிரித்தாள். கார்டு இருந்திருக்கிறது. முறுக்கு எண்ணெய் செய்தித்தாளைத் தாண்டி இறங்கி, கார்டு கண்ணாடி மாதிரி ஆகியிருந்ததாம். வாசலில் இருந்த குமாஸ்தா, "இன்னாம்மா, இதுல வட சுத்துனியா?" என்று கேட்டிருக்கிறார். உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த பெரிய நர்ஸம்மா கார்டை மோந்து பார்த்துவிட்டு, "எந்த ஊரு முறுக்கு?" என்று கேட்டாராம். அக்கா பயத்தில், "சிதம்பரங்க. பையில இன்னும் இருக்குங்க" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் கேட்ட கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னேன் என்றாள்.

"ஏன்டி அத வெச்ச?" என்று அன்றைக்குத்தான் கேட்டாள்.

"எல்லாரும் சேந்து போவணும்னுதான்" என்றேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அடித்த இடம்தான்.

இடம் கிடைத்துவிட்டது. ஆடி கழிந்ததும் சேரச் சொல்லி கடிதம் வந்தது. அப்பா அதையும் படித்தார், மடித்துக் கொடுத்தார். அக்கா கிளம்பிய அன்று அவருக்குப் பெண்ணாடத்தில் கரும்புக் கொல்லை அளக்கிற வேலை வந்துவிட்டது. வந்துவிட்டதா, வரவழைத்துக்கொண்டாரா என்று அம்மா கேட்கவில்லை. அத்தைதான் மறுபடியும் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா அத்தையோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். வீட்டில் பால் திரிந்தாலும் எனக்குக் காய்ச்சல் வந்தாலும், "தீட்டோட போனா இப்பிடித்தான்" என்பார். அக்கா எழுதுகிற கடிதங்களை அம்மா சத்தமாகப் படிப்பாள். அப்பா அந்த நேரம் பார்த்து ரேடியோவைத் திருகுவார். அக்கா படுக்கிற இடத்தில் நான் கை காலை நீட்டிப் படுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் லீவில் அக்கா வந்தாள். ரயிலை விட்டு இறங்கி மதியம் வீட்டுக்கு வந்தபோது முகம் வற்றியிருந்தது. அப்பா வெளியில் போயிருந்தார். எனக்குக் கேட்க வேண்டியது நூறு இருந்தது. அவள் சாப்பிடுகிற போதே தொடங்கிவிட்டேன்.

"பதினாலு மாடி பாத்தியா?"

"இல்லடி."

"மாடி பஸ்ஸு? பீச்சாவது?"

"எதுவும் பாக்கல. வார்டு, ஹாஸ்டலு, வார்டு. நேத்து நைட்டு பூரா நின்னேன். ஒரு பாட்டிய காப்பாத்த முடியல" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள். சாவு வீட்டில் அப்படித் தேம்பியவள், இதை மோர் ஊற்றச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயில் சாய்ந்தாள். நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. பாதம் இரண்டும் வெடித்து, ஒரு வெடிப்பில் ரத்தம் காய்ந்து கறுப்பாக இருந்தது. அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துவந்து, அவள் எழுந்துவிடாதபடி தடவினாள். மெட்ராஸ் என்றால் சுற்றிப் பார்க்கிற ஊர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு போய்விட்டது. பட்டியல் எழுதியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

நாலு மணி வாக்கில் அப்பா வந்தார். வாசலில் அக்காவின் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பாயருகில் வந்து நின்றார். அவர் கண்ணும் அந்தக் காலில்தான் போய் நின்றது. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்து நகர்ந்துகொண்டாள். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஆனதும் அக்கா வந்திருப்பது தெரிந்து சந்திலிருந்த நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். முன்னால் வந்தவர் வாத்தியார். "இன்னா சர்வேயர், மெட்ராஸ்காரம்மா வந்துட்டாங்களாமே" என்று வழக்கமான தன் வகுப்பறைக் குரலில் கேட்டுக்கொண்டே படியேறினார்.

அப்பா எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மெல்லப் பேசுங்க சார்" என்றார். "டியூட்டி பாத்துட்டு வந்திருக்கு புள்ள."